ஐஸ் ஹாக்கி நடுவர் என்னென்ன போட்டுக்கொள்ள வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

மான்ட்ரியாலில் வேலை பார்த்த காலத்தில் சனி, ஞாயிறுகளில் சிறுவர் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களுக்கு நடுவராகப் போய்க்கொண்டிருந்தேன். முத்தியால்பேட்டைக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இங்கே ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளுக்கு விசில் ஊதுகிறேன். சென்ற இதழில் இதைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள். பெரும்பாலானவை சாமான் வாங்குவது பற்றித்தான். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகள் கனடாவில், பிராம்ப்டனில் படிக்கிறாள். இங்கே ரோலர் ஸ்கேட்டிங் நன்றாகச் செய்வாள். அங்கே போய் ஐஸ் ஸ்கேட்டிங்கும் பழகி, இப்போது சின்னப் பிள்ளைகளின் ஐஸ் ஹாக்கிக்கு நடுவராகப் பயிற்சி முடித்திருக்கிறாள். “சாமான் எல்லாம் நாமதான் வாங்கணும்மா” என்கிறாள். கூடப் படிக்கும் பையன் ஒருவன், தான் ஆடிய காலத்துச் செட்டை அப்படியே தருகிறேன் என்கிறானாம். வாங்கிக்கொள்ளலாமா? நான் இங்கிருந்து கம்பளி சாக்ஸ், தெர்மல் எல்லாம் அனுப்பட்டுமா? – ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: அம்மா, உங்கள் மகள் நல்ல காரியம் செய்கிறாள். அந்தப் பையன் தருகிற செட்டை அப்படியே வாங்க வேண்டாம். அதில் எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்கிறேன்.

முதலில், அவள் எதற்கு எதிரே நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. ‘பக்’ என்று ஒரு கெட்டி ரப்பர் வில்லை. 3 அங்குல அகலம், 1 அங்குல கனம், 156 முதல் 170 கிராம் எடை. துள்ளாமல் வழுக்கிப் போவதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைப்பார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டும். சிறுவர்கள் அந்த வேகத்தில் அடிக்க மாட்டார்கள், சரி. ஆனால் மிகச் சின்னக் குழந்தைகளுக்குத் தரும் எடை குறைந்த நீல பக்கை விட்டால், மற்றவர்கள் ஆடுவது அதே பக்தான். போதாக்குறைக்கு ஸ்கேட்ஸின் இரும்பு விளிம்புகள், ஹாக்கி மட்டைகள், பின்பக்கம் பார்க்காமல் வந்து மோதுகிற பிள்ளைகள்.

ஆட்டக்காரருக்கும் நடுவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆட்டக்காரர் ஒரு நிமிடம் முழுக்க ஆடினாலே அதிகம், பெஞ்சுக்குப் போய் மூச்சு வாங்கிக்கொள்வார். நடுவருக்கு மாற்று ஆள் கிடையாது. ஆட்டம் முடியும்வரை ஓட்டம்தான். பக் தன் பக்கம் வந்தால், பக்கவாட்டுப் பலகையின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கி அதற்கு வழிவிட வேண்டும். ஆட்டக்காரரின் பஞ்சுமூட்டை மாதிரியான அரைக்கால் சட்டையையும் தடித்த தோள் கவசத்தையும் மாட்டிக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அதனால் நடுவருக்கு வேண்டியது மெல்லிசாக, உடம்போடு ஒட்டி, கடைசிவரை நகராமல் இருக்கிற கவசம். எந்தப் பொருளை வாங்கும்போதும் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணத்தை முதலில் தலைக்கும் காலுக்கும் செலவழிக்கட்டும். ஹெல்மெட்டைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அந்தப் பையனுடைய ஹெல்மெட் எத்தனை அடி வாங்கியது என்று அவனுக்கே நினைவிருக்காது. உள்ளே இருக்கும் ஃபோம் ஒருமுறை நசுங்கினால் வெளியே தெரியாது. கனடாவில் சி.எஸ்.ஏ. என்ற தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்க்கணும். அமெரிக்காவில் ஹெச்.இ.சி.சி. முத்திரை, அதற்குத் தயாரித்த தேதியிலிருந்து 6½ ஆண்டுதான் ஆயுள். நிறம் கறுப்பு. போட்டுப் பார்க்கும்போது முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். தாடைப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழையணும். பட்டையை மாட்டாமல் தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் தனியாகச் சுற்றினால் அது அவள் அளவு இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை நம் வீட்டுப் பெண்களுக்காக விரிவாகச் சொல்கிறேன், அங்கே கடைக்காரர் சொல்ல மாட்டார். நீளமான முடி இருந்தால் உச்சியில் கொண்டை போடக் கூடாது. கொண்டை ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து தூக்கும். முன்பக்கம் இறங்கி, பிடரி திறந்துவிடும். ஐஸில் மல்லாக்க விழுந்தால் அடி படுவது அந்தப் பிடரியில்தான். கழுத்தோடு ஒட்டித் தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, அதைச் சட்டைக்குள் விட்டுவிடட்டும். ஹெல்மெட் வாங்கப் போகும்போதே அந்தப் பின்னலோடு போகட்டும். மூக்குத்தி, தோடு, செயின் எல்லாம் ஆட்டத்தன்று அறையிலேயே இருக்கட்டும். மூக்குத்தி போட்டிருந்து, ஹெல்மெட்டின் முன்னால் மாட்டும் வைசர் தகடு மூக்கில் இடித்தால் காயம் ஆழமாகப் படும்.

வைசர் என்பது ஹெல்மெட்டில் மாட்டும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு. நடுவருக்கு அரை வைசர்தான், ஏனென்றால் வாய்க்கு விசில் போக வேண்டும். மூக்கு நுனிவரை மறைக்கிற மாதிரி இறக்கி மாட்டணும். நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஸ்டைலாக நிற்கிற நடுவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வரும், பார்த்துக் கற்றுக்கொள்வது சின்னவர்கள் இல்லையா?

அடுத்தது ஸ்கேட்ஸ். வெளியே போடும் ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை அளவு குறைவாகத்தான் ஐஸ் ஹாக்கி ஸ்கேட்ஸ் பொருந்தும். லேஸ் கட்டி, முழங்கால் மடக்கி நின்றால் விரல்கள் முன்னால் லேசாக உரசியும் உரசாமலும் இருக்கணும். குதிகால் துளிகூட எழக் கூடாது. நல்ல கடையில் அதற்கென்று உள்ள அடுப்பில் ஸ்கேட்ஸின் பூட்ஸைச் சூடாக்கி, சூட்டோடு காலில் போட்டு உட்கார வைப்பார்கள். ஆறும்போது அது அவள் கால் அச்சுக்கு வந்துவிடும். அதனால் பழைய ஸ்கேட்ஸ் வேண்டாம், அது அந்தப் பையனின் கால் அச்சு.

இப்போது உங்கள் கம்பளி சாக்ஸ். அனுப்ப ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது, ஆனால் ஸ்கேட்ஸுக்குள் அது வேண்டாம். தடித்த சாக்ஸ் போட்டால் கால் உள்ளே வழுக்கும், கொப்புளம் வரும், ரத்த ஓட்டம் நெருக்குண்டு குளிர் இன்னும் கூடும். ஒற்றை மெல்லிய சாக்ஸ் போதும். கணுக்கால், கெண்டைக்காலில் எளிதில் வெட்டுப்படாத நாரில் நெய்த சாக்ஸ் கிடைக்கிறது, அதையே வாங்கலாம். 2013-ல் எரிக் கார்ல்சன் என்ற பெரிய ஆட்டக்காரருக்கு, எதிராளியின் ஸ்கேட் பட்டுக் குதிகால் தசைநாண் வெட்டுப்பட்டது. கம்பளி சாக்ஸை ஹாஸ்டலில் போட்டுக்கொள்ளட்டும். தெர்மலில் பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், இடைவேளையில் அதுவே குளிரும். பாலியெஸ்டரில் உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை, கால்சட்டை ஒரு ஜோடி அனுப்பினால் உபயோகம்.

கழுத்துக் கவசத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 28 அன்று, இங்கிலாந்தில் ஷெஃபீல்டு அரங்கில் நடந்த ஆட்டத்தில் நாட்டிங்ஹாம் பாந்தர்ஸ் அணியின் ஆடம் ஜான்சன், ஸ்கேட் விளிம்பு கழுத்தில் வெட்டி இறந்துபோனார். அதன் பிறகு மேலும் பல இடங்களில் கழுத்துக் கவசத்தைக் கட்டாயமாக்கினார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தால், அவர்களை விலக்கப் போகிற நடுவரும் அதே ஸ்கேட் நடுவில்தான் நிற்கிறார். அவளுடைய லீக் கட்டாயம் என்று சொல்லாவிட்டாலும் வாங்கட்டும். கனடாவில் பி.என்.க்யூ. முத்திரை போட்ட கழுத்துக் கவசம் கிடைக்கும். உடம்போடு ஒட்டிய சட்டையிலேயே கழுத்துப் பகுதி சேர்ந்து வருகிற மாடல்தான் எனக்குப் பிடிக்கும். தனியாக வைத்தால் அவசரத்தில் பையிலேயே இருந்துவிடும்.

பையன் செட்டில் எடுத்துக்கொள்ளக் கூடியவை முழங்காலுக்கும் கீழ்க்காலுக்கும் போடும் ஷின் கார்டும், முழங்கைக்குப் போடும் எல்போ பேடும்தான், அதுவும் மெல்லிசாக இருந்தால். ஷின் கார்டின் கீழ்முனை ஸ்கேட்ஸின் நாக்குக்குச் சற்று மேலே வந்து நிற்கணும், நடுவே தோல் தெரியக் கூடாது. எல்போ பேடில், முழங்கைக்கு மேலே வெளிப்பக்கம் எவ்வளவு மறைகிறது என்று பார்க்கட்டும். எனக்கு பக் பட்டதெல்லாம் அந்த இடத்தில்தான், பேட் முடிகிற இடத்துக்கு ஒரு விரல் மேலே. முதல் நாள் சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியில் மஞ்சள் என்று நாள்கணக்கில் கன்றிக் கிடக்கும். இடுப்புக்கு ‘கர்டில்’ என்று, தொடையிலும் வாலெலும்பிலும் மட்டும் பஞ்சு வைத்த இறுக்கமான உள்கால்சட்டை உண்டு. அதன்மேல் நடுவருக்கான கறுப்புக் கால்சட்டை. பெண்களுக்கென்றே இடுப்புக் கவசமும், மார்புப் பக்கம் மெல்லிய பஞ்சு வைத்த உள்சட்டையும் இருக்கின்றன. கூச்சப்பட்டு அதை விட்டுவிட வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள், அம்மா சொன்னால் கேட்பாள்.

கேள்வி: நான் இன்லைன் ஹாக்கி, அதாவது சக்கர ஸ்கேட்ஸில் ஹாக்கி, ஆடுகிறவன். கோச் என்னைச் சின்னவர்கள் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கச் சொல்கிறார். நீங்கள் சொல்கிற ஐஸ் சாமான் எல்லாம் புதுச்சேரி வெயிலில் முடியுமா, சார்? – கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை.

பதில்: தம்பி, அத்தனையும் வேண்டாம். ஆனால் ஐஸில் இல்லாத ஓர் ஆபத்து உங்களுக்கு உண்டு. ஐஸில் விழுந்தால் வழுக்கிக்கொண்டே போவோம், விழுந்த வேகம் அதிலேயே பாதி கரையும். சிமென்ட் தளத்தில் விழுந்தால் தோல் பிடித்துக்கொள்ளும், உடம்பு அங்கேயே நின்றுவிடும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். அதனால் உங்களுக்கு முதல் செலவு, உள்ளே தகடு வைத்த மணிக்கட்டு கார்டு. விசில் ஊதும் கைக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு பழகுங்கள். அடுத்து முழங்கால், முழங்கை. ஹெல்மெட் ஹாக்கிக்கானதே இருக்கட்டும். சைக்கிள் ஹெல்மெட் ஒரே ஒரு பெரிய அடியைத் தாங்கத்தான் செய்திருக்கிறது, அதற்குப் பிறகு மாற்ற வேண்டும். ஹாக்கி ஹெல்மெட் பல அடிகளைத் தாங்கும்.

வெயிலுக்கு என் யோசனை: அரைக்கை பாலியெஸ்டர் சட்டை, தொளதொள கால்சட்டைக்குப் பதில் உடம்போடு ஒட்டியது. தலையில் வியர்வை கண்ணில் வழியாமல் நெற்றிப்பட்டை. சித்திரை, வைகாசியில் காலை எட்டரைக்கு மேல் ஆட்டம் வைக்க வேண்டாம் என்று கோச்சிடம் நீங்களே சொல்லலாம், அந்த அதிகாரம் நடுவருக்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் இடைவேளை விடும்போது நீங்களும் குடியுங்கள், உப்பும் சர்க்கரையும் கலந்தது நல்லது. கடைசி நிமிடங்களில் ஆளுக்கு மயக்கம் வந்தால் எந்தக் கவசமும் உதவாது.

கேள்வி: என் தம்பி ராணுவத்தில் லடாக்கில் இருக்கிறான். அங்கே குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்களாம், அவனை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். விசில் வேலை செய்யவில்லை, உதடு பிய்ந்துவிட்டது என்கிறான். என்ன செய்யணும்? – நெல்லிக்குப்பம்.

பதில்: உதட்டைப் பிய்த்தது இரும்பு விசிலாகத்தான் இருக்கும். உறைகுளிரில் உலோகம் ஈரத்தோலோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோலும் வரும். வேலை செய்யாமல் போனதற்குக் காரணம், உள்ளே உருளும் அந்தச் சின்ன உருண்டை. ஊதும் எச்சில் அதன்மேல் உறைந்து உருண்டை சிக்கிக்கொள்ளும். கனடாவில் ரான் ஃபாக்ஸ்க்ராஃப்ட் என்ற கூடைப்பந்து நடுவருக்கு 1984-ல் பிரேசிலில் நடந்த ஆட்டத்தில், குளிரே இல்லாமல், விசில் இப்படிச் சிக்கிக்கொண்டது. அதற்கு மாற்றாக அவர் கொண்டுவந்ததுதான் உருண்டையே இல்லாத பிளாஸ்டிக் விசில், ஃபாக்ஸ் 40. 1987-லிருந்து விற்பனையில் இருக்கிறது, இந்தியாவிலும் கிடைக்கும். அதிலும் இரண்டு விரலில் மாட்டிக்கொள்ளும் பிடி வைத்ததை வாங்கி அனுப்புங்கள். கயிற்றில் கழுத்தில் தொங்கவிட வேண்டாம். விழும்போது மூக்கில் அடிக்கும், பிள்ளைகள் மட்டையில் சிக்கும். விசில் போட்ட கையை விட்டுவிட்டு மற்ற கையைத்தான் தவறு காட்டத் தூக்க வேண்டும் என்பதையும் நினைவுபடுத்துங்கள்.

லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்தவெளி ஐஸ்தான் நிறைய. இயற்கையாக உறைந்த ஐஸில் வெடிப்பும் மேடும் இருக்கும், ஸ்கேட் சிக்கினால் முழங்கால்தான் முதலில் அடி வாங்கும். அதனால் முழங்கால் கிண்ணத்தை முழுக்க மூடுகிற ஷின் கார்டாக இருக்கட்டும். குளிருக்கு ஹெல்மெட்டுக்குள் கம்பளித் தொப்பி போடுவான், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹெல்மெட் ஏறி உட்காரும், பாதுகாப்பு போய்விடும். முகத்தையும் கழுத்தையும் மூடும் மெல்லிய துணிமூடி போதும். மேலே தடித்த ஜாக்கெட் போட்டால் நடுவரின் கோடு போட்ட சட்டை மறைந்துவிடும். அந்தக் கோடு போட்ட சட்டையை ஓர் அளவு பெரிதாக வாங்கி உள்ளே ஃப்ளீஸ் போடட்டும். கைக்கு மெல்லிய கறுப்பு கிளவுஸ். பகலில் ஐஸ்மேல் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தைக் கருக்கிவிடும், சன்ஸ்கிரீனை தாடைக்கு அடியிலும் தடவணும்.

அங்கே நடக்கும் ஆட்டத்தைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். 2025-ல் அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். அந்த மண்ணில் நடுவராக நிற்பது பெருமை.

கேள்வி: நடுவர் சட்டையில் ஏன் கறுப்பு வெள்ளைக் கோடு? – திருப்பாதிரிப்புலியூர்.

பதில்: எந்த அணியின் நிறத்தோடும் குழம்பாமல் இருக்கத்தான். வட அமெரிக்காவின் பெரிய லீகான என்.ஹெச்.எல்.-இல் 1955 கடைசியில் இந்தக் கோடு வந்தது. கையில் ஆரஞ்சு அல்லது சிவப்புப் பட்டை போட்டவர்தான் தண்டனை கொடுக்கும் நடுவர், பட்டை இல்லாதவர் கோட்டை மீறுவதைக் கவனிக்கும் லைன்ஸ்மேன். சட்டை வாங்கும்போது கோடு நேராக விழுகிற அளவில் வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் எல்போ பேடு தூக்கித் தெரியும், கையும் முழுக்க உயராது.

கேள்வி: வீட்டில் கிரிக்கெட் ஹெல்மெட்டும் பேடும் இருக்கின்றன. பயிற்சிக்கு அது போதாதா? – பண்ருட்டி.

பதில்: போதாது. கிரிக்கெட் ஹெல்மெட் முன்னாலிருந்து வரும் பந்துக்கானது, ஸ்கேட்டிங்கில் மல்லாக்க விழுகிற அடிக்கு ஆனதில்லை. பேடை மாட்டிக்கொண்டு ஸ்கேட் செய்தால் முட்டி மடங்காது. ஒன்றை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்: ஆண்களுக்கான எல்-கார்டு என்ற அடிவயிற்றுக் கவசம்.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த என் மகன் நடுவர் பையை மாடியில் வைத்திருக்கிறான். வாடை தாங்கவில்லை, ஸ்கேட்ஸில் துரு வேறு. தூக்கிப் போடுவதா, காப்பாற்ற முடியுமா? – அரியாங்குப்பம்.

பதில்: தூக்கிப் போட வேண்டாம், அதில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றலாம். வாடை என்பது காயாத வியர்வையில் வளர்ந்த கிருமி. சட்டை, உள்சட்டை, கர்டிலை வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து அரைமணி ஊற வைத்து, சாதாரண சோப்புத்தூளில் துவைத்து நிழலில் காற்றாடக் காய வையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் வியர்வையை இழுக்கும் தன்மை போய்விடும். ஷின் கார்டு, எல்போ பேடை ஈரத்துணியால் துடைத்து ஃபேனுக்குக் கீழே ஓர் இரவு விரித்து வைத்தால் போதும். ஹெல்மெட்டை நேர்வெயிலிலோ, மூடிய கார் டிக்கியிலோ வைக்கக் கூடாது, ஃபோம் இளகும். வைசரைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு விட்டு விரலால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். டிஷ்யூ தாள் கீறிவிடும்.

ஸ்கேட்ஸ் துரு நம் ஊர்க் கடல்காற்றின் வேலை. மேலாகப் பிடித்த துருவைத் தீட்டும்போது எடுத்துவிடலாம். குழி குழியாக அரித்திருந்தால் பிளேடை மட்டும் மாற்ற வேண்டும், பூட்ஸ் அப்படியே இருக்கலாம். இனிமேல் துடைத்துக் காய்ந்த பிறகு பிளேடில் துளி தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ தடவி, துணி உறை போட்டு வைக்கச் சொல்லுங்கள். நடக்கப் போடும் பிளாஸ்டிக் உறையோடு பையில் வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஹெல்மெட்டில் தயாரித்த தேதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். நான் மேலே சொன்ன 6½ ஆண்டைத் தாண்டியிருந்தால், அதை ஞாபகத்துக்கு அலமாரியில் வைத்துவிட்டுப் புதிது வாங்கிக் கொடுங்கள்.